பெயருக்குக் கொடுத்த விலையும் பங்குதாரரின் பணமும்

மும்பையில் தமிழர்கள் வேலை பார்க்கும் ஆபீசுகளிலும் ஆலைகளிலும் மதியச் சாப்பாட்டு வேளையில் பேசப்படும் விஷயங்கள் சில ஆண்டுகளாக மாறிவருகின்றன. முன்பெல்லாம் சீட்டுப் பணம், ஊரில் வாங்க வேண்டிய மனை, தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்கும் நகை ஆகியவையே பேச்சாக இருந்தன. இப்போது அவற்றோடு பங்கு மார்க்கெட்டும் சேர்ந்துகொண்டது. நாடு முழுவதிலும் டிமாட் கணக்குகளின் எண்ணிக்கை 2020 மார்ச்சில் சுமார் 4 கோடி. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது. அதன் பிறகும் அது ஏறியே வந்திருக்கிறது. புதிதாக வந்தவர்களில் பெரும் பணக்காரர்களைவிட மாதச் சம்பளக்காரர்களே அதிகம் என்று சொன்னால் தவறாகாது.

இவர்கள் காதில் அடிக்கடி விழும் யோசனை ஒன்று உண்டு. “இந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றுக்குப் புத்தக மதிப்பு 100 ரூபாய். மார்க்கெட்டில் 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 100 ரூபாய்ச் சொத்தை 60 ரூபாய்க்கு வாங்குவதில் என்ன நஷ்டம்?” என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பிராவிடண்ட் பண்டில் முன்பணம் எடுத்தவர்களும், ஓய்வு பெற்றுக் கிராஜுவிடி வாங்கியவர்களும் இந்தக் கணக்கை நம்பிப் பணம் போடுகிறார்கள்.

ஆனால் அந்த 100 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நிலம், கட்டிடம், இயந்திரம், சரக்கு, ரொக்கம் ஆகியவை மட்டும் இருந்தால் கணக்கு ஒரு விதம். அந்த நூறில் 55 ரூபாய் ‘குட்வில்’ என்னும் நற்பெயராக இருந்தால் மிஞ்சுவது 45 ரூபாய்தான். அப்படியானால் 60 ரூபாய் கொடுப்பவர் மலிவாக வாங்கவில்லை. பெயருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். அந்தப் பெயர் அவ்வளவு பெறுமா என்பதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி.

இட்லிக் கடைக் கணக்கு

குட்வில் என்பது புரியாத விஷயம் அல்ல. தாராவியில் நெல்லைக்காரர் ஒருவர் நடத்திவரும் இட்லிக் கடை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டர், பாத்திரம், மேஜை நாற்காலி, கடைக்குக் கட்டிய டெபாசிட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் பெறும். மளிகைக் கடைக்குப் பாக்கி 50 ஆயிரம். ஆக நிகரமாக மூன்றரை லட்சம். ஆனால் கடைக்காரர் 5 லட்சம் கேட்கிறார். “காலையில் ஆறு மணிக்கு வந்து பாருங்கள், வரிசை நிற்கிறது. அந்த வரிசைக்குத்தான் ஒன்றரை லட்சம்” என்கிறார். அந்த ஒன்றரை லட்சம்தான் குட்வில்.

மும்பைவாசிகள் இதைப் பகடிப் பணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பகடி என்பது இடத்தின் மேலுள்ள வாடகை உரிமைக்குக் கொடுப்பது. குட்வில் என்பது அந்த இடத்தில் நடக்கும் தொழிலின் பெயருக்குக் கொடுப்பது.

வாங்குபவரிடம் சொந்தப் பணம் 3 லட்சம். கடன் இரண்டரை லட்சம் வாங்குகிறார். 5 லட்சத்தைக் கொடுத்த பின் கையில் 50 ஆயிரம் நிற்கிறது. இப்போது அவருடைய சொத்துக் கணக்கு: சாமான்களும் டெபாசிட்டும் 4 லட்சம், குட்வில் ஒன்றரை லட்சம், ரொக்கம் அரை லட்சம், மொத்தம் 6 லட்சம். மொத்தச் சொத்தில் குட்வில் கால் பங்கு, அதாவது 25 சதவிகிதம். இதைத்தான் கணக்கர்கள் ‘குட்வில் - சொத்து விகிதம்’ என்கிறார்கள்.

கால் பங்குதானே என்று தோன்றும். ஆனால் அந்த 6 லட்சத்தில் மளிகைப் பாக்கியும் கடனும் சேர்ந்து 3 லட்சம். சொந்தப் பணம் 3 லட்சமே. ஆகவே அவருடைய சொந்தப் பணத்தோடு ஒப்பிட்டால் குட்வில் பாதிப் பங்கு ஆகிறது. பழைய சமையல்காரர் எதிர்வரிசையில் வேறு கடை போட்டு, வரிசையும் அங்கே போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு கரண்டிகூடத் தொலையாமல் அவருடைய சேமிப்பில் பாதி போய்விடும். கடன் மட்டும் ஒரு பைசா குறையாது.

பெரிய கம்பெனிகளின் கதையும் இதுவே. லட்சம் என்பது கோடியாக மாறுகிறது, அவ்வளவுதான்.

புத்தகத்தில் ஏறும் பெயர், ஏறாத பெயர்

இங்கே ஒரு முக்கியமான வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி தானே பாடுபட்டுச் சம்பாதித்த நற்பெயரை பாலன்ஸ் ஷீட்டில் சொத்தாக எழுதிக்கொள்ளக் கணக்கு விதிகள் அனுமதிப்பதில்லை. வேறொரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போது, அதன் சொத்துக்களின் நியாயமான மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, அதற்கு மேல் கொடுத்த தொகை மட்டுமே குட்வில்லாக ஏறும். ஆகவே குட்வில் பூஜ்யமாக இருந்தால் அந்தக் கம்பெனிக்குப் பெயர் இல்லை என்று அர்த்தமில்லை; அது யாருடைய பெயரையும் விலைக்கு வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். குட்வில் மிகுதியாக இருந்தாலும் பெயர் பெரிது என்று பொருள் அல்ல. கொடுத்த விலை பெரிது என்றே பொருள்.

ஹார்லிக்ஸ் கைமாறிய கதை

இதற்குத் தமிழர்கள் நன்கு அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அந்தேரியில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் இந்துஸ்தான் யூனிலீவர், ஹார்லிக்ஸ், பூஸ்ட் பானங்களைத் தயாரித்துவந்த கிளாக்ஸோஸ்மித்கிளைன் கன்ஸ்யூமர் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் போவதாக 2018 டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. தென்னிந்தியாவும் கிழக்கிந்தியாவுமே ஹார்லிக்ஸுக்குப் பெரிய மார்க்கெட். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் வாங்கிப் போவது தமிழ்க் குடும்பங்களில் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குத்தான் விலை பேசப்பட்டது.

ரொக்கத்துக்குப் பதிலாகப் பங்குகள் கொடுக்கப்பட்டன. கிளாக்ஸோ கம்பெனியின் ஒரு பங்குக்கு யூனிலீவரின் 4.39 பங்குகள் என்பது ஏற்பாடு. அறிவித்த நாளில் இதன் மதிப்பு ரூ. 31,700 கோடி. இணைப்பு நிறைவேறியது 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் யூனிலீவரின் பங்கு விலை உயர்ந்திருந்ததால், புத்தகத்தில் ஏறிய விலை ரூ. 40,000 கோடியைத் தாண்டியது. வாங்கிய சரக்கு அதேதான்; ஆனால் கைமாறிய நாளின் மார்க்கெட் விலையைக் கொண்டே கொடுத்த விலையைக் கணக்கிட வேண்டும் என்பது விதி. குட்வில் என்பது எவ்வளவு தூரம் அன்றைய சந்தை நிலவரத்தைப் பொறுத்தது என்பதற்கு இதுவே சான்று.

இதன் விளைவைப் பாருங்கள். 2020 மார்ச் 31-ல் யூனிலீவரின் மொத்தச் சொத்து சுமார் ரூ. 19,600 கோடி. ஓராண்டு கழித்து, 2021 மார்ச் 31-ல், அது சுமார் ரூ. 68,000 கோடி. அதில் குட்வில் மட்டும் சுமார் ரூ. 17,300 கோடி. விகிதம் ஏறத்தாழ 25 சதவிகிதம். நமது இட்லிக் கடையின் அதே கணக்கு. இதற்கு மேல் பிராண்டுகள் முதலிய தொட்டுப் பார்க்க முடியாத மற்றச் சொத்துக்கள் ஏறத்தாழ ரூ. 28,000 கோடி. பங்குதாரர்களின் சொந்த மூலதனம் சுமார் ரூ. 8,000 கோடியிலிருந்து ரூ. 47,400 கோடியாயிற்று. குட்வில்லையும் பிராண்டுகளையும் கழித்தால் அதில் மிஞ்சுவது சிறு பகுதியே.

லாபமோ சுமார் ரூ. 6,700 கோடியிலிருந்து சுமார் ரூ. 7,950 கோடியாக உயர்ந்தது. மூலதனத்தோடு ஒப்பிட்டால் 80 சதவிகிதத்துக்கு மேல் இருந்த லாப விகிதம் 17 சதவிகிதத்துக்கு இறங்கியதாகத் தெரியும். தொழில் கெட்டுவிட்டதா? இல்லை. சோப்பும் சலவைத்தூளும் முன்போலவே விற்றன. பெயருக்குக் கொடுத்த விலை புத்தகத்தில் ஏறியதால் கணக்கின் உருவம் மாறியது. இதை அறியாமல் இரண்டு ஆண்டுகளின் விகிதங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

இந்த விகிதத்தால் யூனிலீவருக்கு ஆபத்து உண்டா? இணைப்புக்காகப் பெருங்கடன் வாங்கப்படவில்லை. புதிதாகச் சுமார் 18.5 கோடி பங்குகள் வெளியிடப்பட்டன. பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்குச் சுருங்கியது; அதுவே அவர் கொடுத்த விலை. வட்டி கட்ட வேண்டிய நெருக்கடி இல்லை. ஆனாலும் பெயர் என்பது எப்போதும் காவல் வைக்க வேண்டிய சொத்து. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனை நிறுவனங்கள் இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் காட்டக் கூடாது என்று அறிவுறுத்தியது. அதே மாதத்தில் யூனிலீவரும் ‘ஆரோக்கிய’ என்ற சொல்லைத் தன் பானங்களின் பிரிவுப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. இதனால் குட்வில் கரைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் சர்க்கரையைப் பற்றித் தாய்மார்களின் எண்ணம் மாறினால், அது தொழிற்சாலையைத் தொடாது, குட்வில்லைத்தான் தொடும்.

கோரஸ் தந்த பாடம்

கோட்டைப் பகுதியிலுள்ள பம்பாய் ஹவுஸில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் டாட்டா ஸ்டீலின் அனுபவம் வேறு. 2007-ல் பிரேசில் நாட்டுக் கம்பெனியான சி.எஸ்.என்.னுடன் ஏலத்தில் போட்டியிட்டு, பங்குக்கு 608 பென்ஸ் வீதம், கோரஸ் என்ற ஆங்கிலோ - டச்சு எஃகுக் கம்பெனியை டாட்டா ஸ்டீல் வாங்கியது. விலை சுமார் 1,200 கோடி டாலர். உற்பத்தியில் டாட்டா ஸ்டீலைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது கோரஸ். பெருந்தொகை கடனாகத் திரட்டப்பட்டது. இந்தியக் கம்பெனி ஐரோப்பாவில் வெற்றிக்கொடி நாட்டியதாக நாடே மகிழ்ந்தது.

அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. ஐரோப்பாவில் எஃகுத் தேவை சரிந்தது. 2013 மே மாதத்தில், குட்வில்லையும் வேறு சில சொத்துக்களையும் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர், அதாவது ரூ. 8,300 கோடிக்கு மேல், மதிப்பைக் குறைப்பதாக டாட்டா ஸ்டீல் அறிவித்தது. 2012-13 கணக்கு ஆண்டின் ஒருங்கிணைந்த நஷ்டம் ரூ. 7,058 கோடி. அதற்கு முந்திய ஆண்டில் லாபம் ரூ. 5,000 கோடிக்கு மேல் இருந்தது.

“இது காகித நஷ்டம்தான், கையிலிருந்து காசு போகவில்லை” என்று இத்தகைய நேரங்களில் சொல்லப்படும். சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. காசு போனது 2007-ல். போன காசு திரும்ப வராது என்று ஒப்புக்கொண்டது 2013-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் பங்கு வாங்கியவர்கள், அந்தப் பணம் சொத்தாக நிற்பதாகவே பாலன்ஸ் ஷீட்டில் படித்தார்கள். ஜாம்ஷெட்பூர் ஆலை லாபம் ஈட்டிவந்ததால் டாட்டா ஸ்டீல் அடியைத் தாங்கிக்கொண்டது.

தாங்க முடியாத கம்பெனி

தாங்க முடியாமற் போனது பிரிட்டனின் கரில்லியன் கம்பெனி. ஆஸ்பத்திரி கட்டுவது, ரயில் பாதை பராமரிப்பது, பள்ளிகளைச் சுத்தம் செய்வது என்று அரசாங்கக் காண்டிராக்டுகளில் வளர்ந்த ஸ்தாபனம் அது. 2006-ல் மௌலம், 2008-ல் ஆல்ஃபிரட் மெக்கால்பைன், 2011-ல் ஈகா என்று கம்பெனிகளை வாங்கிக்கொண்டே போயிற்று. 2016 முடிவில் அதன் மொத்தச் சொத்து சுமார் 440 கோடி பவுன். அதில் குட்வில் 157 கோடி பவுன்; அதாவது 35 சதவிகிதம். கடன்கள் போகச் சொந்த மூலதனம் 73 கோடி பவுன் அளவே. குட்வில்லைக் கழித்துவிட்டால் மூலதனம் பூஜ்யத்துக்கும் கீழே, 80 கோடி பவுனுக்கு மேல் பள்ளம்.

இதெல்லாம் அச்சிட்ட ஆண்டறிக்கையில் இருந்ததுதான். ஆனாலும் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் தவறாமல் கொடுக்கப்பட்டது. 2017 ஜூலையில் காண்டிராக்டுகளில் 84.5 கோடி பவுன் நஷ்டத்தை அறிவிக்க நேர்ந்தது. 2018 ஜனவரி 15-ஆம் தேதி கம்பெனி திவாலாயிற்று. அப்போது அதில் வேலை பார்த்தவர்கள் உலகெங்கும் சுமார் 43,000 பேர். கடன்காரர்கள் வந்து நின்றபோது 157 கோடி பவுன் குட்வில்லை எடுத்து யாருக்கும் கொடுக்க முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

யூனிலீவரில் 25 சதவிகிதம், கரில்லியனில் 35 சதவிகிதம். இரண்டு எண்களுக்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் ஒன்றில் வாங்கிய பெயர் சம்பாதித்துக்கொண்டிருந்தது. வாங்கியதற்குக் கடன் சுமை இல்லை. மற்றொன்றில் பெயரின் மேல் கடன் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆகவே விகிதம் என்பது ஒரு கேள்விதான். விடை வேறு இடத்தில் இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

முன்பு இந்தியாவில் கம்பெனி இணைப்பில் வந்த குட்வில்லைப் பொதுவாக ஐந்தாண்டுகளுக்குள் சிறிது சிறிதாகக் கழித்துவிட வேண்டும். 2016 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகளுக்கு வந்த புதிய கணக்கு முறையில் அப்படி ஆண்டுதோறும் கழிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு முறையாவது அது இன்னும் அந்த மதிப்புப் பெறுமா என்று சோதிக்க வேண்டும். பெறாது என்றால் ஒரேயடியாகக் குறைக்க வேண்டும். ஒரு முறை குறைத்த குட்வில்லை மறுபடி ஏற்ற முடியாது. சோதனை செய்வதோ கம்பெனியின் நிர்வாகமே. வருங்காலத்தில் இவ்வளவு வருமானம் வரும் என்ற அதன் மதிப்பீட்டின் மேல்தான் சோதனை நிற்கிறது. ஆடிட்டர் அதைப் பரிசீலிக்கிறார். அதிக விலை கொடுத்து வாங்கியவர்களே, அந்த விலை சரிதானா என்று சோதிக்கும் முதல் ஆளாகவும் இருக்கிறார்கள் என்பதை முதலீட்டாளர் மறக்கக் கூடாது.

அரசாங்கமும் ரிசர்வ் வங்கியும் இந்தச் சொத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதும் கவனிக்கத் தக்கது. 2021 பட்ஜெட்டில், குட்வில்லுக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் கோர முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டது. வங்கிகளின் மூலதனத்தைக் கணக்கிடும்போது குட்வில்லைக் கழித்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நஷ்டம் வரும் நாளில் தாங்கிப் பிடிக்கும் பணம் எவ்வளவு என்று பார்க்கும்போது குட்வில்லை அது சேர்ப்பதில்லை. பொதுமக்களின் டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கி காட்டும் அந்த எச்சரிக்கையைச் சம்பளக்காரர் தம் சேமிப்புக்கும் காட்டலாம்.

பார்க்க வேண்டியது என்ன?

ஆண்டறிக்கை கம்பெனியின் இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கையிலுள்ள செல்போனிலேயே பார்க்கலாம். அதில் ‘ஒருங்கிணைந்த’ பாலன்ஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும். வாங்கிய கம்பெனி தனி ஸ்தாபனமாகத் தொடர்ந்தால், தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கில் குட்வில் என்ற பெயரே வராது. ‘துணைக் கம்பெனியில் முதலீடு’ என்று ஒளிந்திருக்கும். ஒருங்கிணைந்த கணக்கில்தான் அது வெளியே வரும்.

குட்வில் தொகையை மொத்தச் சொத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் விகிதம் கிடைக்கும். இதற்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லாத் தொழிலுக்கும் பொதுவான எல்லைக்கோடு கிடையாது. ஒரே தொழிலில் உள்ள கம்பெனிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஐந்து ஆண்டு விகிதங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், கம்பெனி தானாக வளர்கிறதா, பிறரை வாங்கி வளர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தபடியாக, குட்வில்லைச் சொந்த மூலதனத்தோடு ஒப்பிட வேண்டும். இட்லிக் கடையில் கால் பங்கு பாதிப் பங்காக மாறியதை நினைவில் கொள்ளலாம். குட்வில் சொந்த மூலதனத்தைவிட அதிகமாக இருந்தால், பெயர் போனால் பங்குதாரருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று அறிக. பிறகு கடனையும் வட்டியையும் பார்க்க வேண்டும். கடைசியாக, வாங்கிய தொழில் ஆண்டுதோறும் ரொக்கம் கொண்டுவருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு குட்வில் என்ற பட்டியல் இருக்கும். அந்தத் தொழில் நஷ்டத்தில் ஓடியும் குட்வில் தொகை ஆண்டுக்கு ஆண்டு அசையாமல் நின்றால், வருங்கால நஷ்டம் ஒன்று அங்கே காத்திருக்கக்கூடும்.

இவ்வளவுக்கும் ஒரு மாலை நேரம் போதும். புறநகர் ரயிலில் நின்றுகொண்டே முப்பது ஆண்டுகள் போய்வந்து சேர்த்த பணத்துக்கு ஒரு மாலை நேரத்தைச் செலவிடுவது அதிகம் அல்ல. பெயருக்கு விலை கொடுப்பது குற்றமில்லை. இட்லிக் கடையை வாங்குபவர் சும்மா விலை கொடுப்பதில்லை. நாலு நாள் காலையில் போய் நின்று வரிசையை எண்ணிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார். பங்கு வாங்குபவரும் அதையே செய்யட்டும்.